வருத்தம் இன்னும் தெரியவில்லை

எலிக்காய்ச்சலைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த நோயாளி அந்த ஆஸ்பத்திரி வாட்டில் இருந்திருக்க முடியாது. அந்த அறிவு எனக்கு உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதே அறிவு என் வீட்டில் இருந்த இன்னொருவரைக் காப்பாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். வேலை கண்டிப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில். எலிக்காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழி தேடுவதிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலை வைத்தால், காலில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் கிருமி உள்ளே போய்விடும். காய்ச்சல் வரும், கெண்டைக்கால் கடுக்கும், கண் சிவக்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம், ஈரல், சுவாசப்பை என்று ஒவ்வொன்றாகக் கெடுக்கும். பெனிசிலின் நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடலாம். நேரத்தோடு தெரிய வேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

நாங்கள் செய்தது ஒரு ஸ்ட்ரிப். கர்ப்பம் பார்க்கிற ஸ்ட்ரிப்பைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாக விளங்கும். ஒரு துளி இரத்தம் விட்டால் கோடு விழும். முதல் கோடு ஸ்ட்ரிப் பழுதில்லை என்பதற்கு. இரண்டாவது கோடும் விழுந்தால் எலிக்காய்ச்சல். ஆய்வுகூடத்தில் கண்டதைக் கம்பனியிடம் கொடுத்து, டிஸ்பென்சரியில் கிடைக்கிற பொருளாக்குவதற்குத் தொழில்நுட்பக் கைமாற்று என்று பெயர். பெயர் கம்பீரமாக இருக்கிறது. செய்து பார்த்தால் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற பாடுதான். மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஏன் இவ்வளவு நீளம், ஏன் குளிரில் வைக்க வேண்டும், ஏன் இவ்வளவு எழுத்து என்று கேட்பார்கள். நாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் என் வீட்டுக்காரர் அந்த ஸ்ட்ரிப்பை "உம்மட மகள்" என்பார். அவர் பெயர் சிவபாதம். வடக்கில் பிறந்தவர், அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கணக்காளர். மாற்றலாகி மாத்தளைக்கு வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார். இத்தனை வருடம் எங்களோடு இருந்தும் அவர் பேச்சு மட்டும் மாறவேயில்லை. நான் "என்னங்க, சாப்பிட வாங்க" என்றால் அவர் "ஓம், வாறன்" என்பார். எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் இருந்தது. சண்டை வந்தால் மூன்றாவதாகச் சிங்களமும் வரும்.

பெட்டியில் போடத் தமிழ் வாசகம் வேண்டும் என்று கம்பனி கேட்டபோது வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் எழுதினோம். ஒரு கோடு மட்டும் விழுந்தால் என்ன என்று சொல்ல வேண்டும். எல்லாச் சிக்கலும் அங்கேதான் இருந்தது. கிருமி உள்ளே வந்ததும் உடம்பு அதை அடையாளம் கண்டு தன் காவல் படையைத் திரட்டக் கிட்டத்தட்ட ஒரு கிழமை, ஏழு நாள், எடுக்கும். எங்கள் ஸ்ட்ரிப்புக்குக் கிருமி தெரியாது. அந்தப் படைதான் தெரியும். ஆகவே முதல் சில நாட்களில், உள்ளே நோய் கொதித்துக்கொண்டிருந்தாலும் ஸ்ட்ரிப்பில் ஒற்றைக் கோடுதான் விழும். நான் 'நோய் இன்னும் தெரியவில்லை' என்று எழுதினேன்.

"நோய் எண்டு போடாதையும். சனம் பயந்துபோகும்," என்றார் இவர். "வருத்தம் எண்டு போடும். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறது."

அது சரிதான். இலங்கையில் எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். ஆனால் சின்ன வயதிலிருந்து இந்தியச் சஞ்சிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லில் துக்கமும் கேட்கும்.

"வருத்தம் இன்னும் தெரியவில்லையா? என்னங்க இது, சாவு வீட்டுக்குப் போகப்போறவங்களுக்குச் சொல்ற மாதிரி இருக்கு," என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்படியே எழுதிக் கொடுத்தோம்.

முதல் பெட்டிகள் அச்சாகி வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. இடம் போதவில்லையாம். 'வருத்தம் இன்னும் தெரியவில்லை' என்பதை யாரோ 'வருத்தம் இல்லை' என்று சுருக்கியிருந்தார்கள். தமிழ் தெரியாத ஆள் செய்த வேலையா, தமிழ் தெரிந்த ஆள் செய்த வேலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போனில் கத்தினேன். கம்பனி மனேஜர் மரியாதையான மனிதர்; அடுத்த அச்சில் கட்டாயம் மாற்றுவோம் என்றார். அதற்குள் பரீட்சார்த்தமாகச் சில பெட்டிகள் மாத்தளை ஆஸ்பத்திரிக்கும் டவுன் டிஸ்பென்சரிகளுக்கும் போய்விட்டன. போன இடங்களுக்கெல்லாம் நானே போன் பண்ணி விளக்கம் சொன்னேன். எல்லோரும் "சரி மேடம், சரி மேடம்" என்றார்கள்.

யுத்தம் உச்சத்தில் இருந்த ஒரு மழைக்காலம் அது. ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பின்பக்கக் கழிவுநீர்க் கான் அடைத்துக்கொண்டு தண்ணீர் குசினி வாசல்வரை வந்துவிட்டது. மழை விட்டதும் இரண்டு பேருமாக இறங்கி அள்ளினோம். எலிக்காய்ச்சல் நிபுணியான நான் சப்பாத்துப் போடுங்க என்று அவரிடம் சொன்னேன். தேடிப் பார்த்தால் வீட்டில் நீளச் சப்பாத்து ஒரு ஜோடிகூட இல்லை. பிறகு பாதத்தில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் பிளேன்டீ குடித்தோம்.

அடுத்த கிழமை எனக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலைத் தொட முடியவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன், முதல் நாளே பெனிசிலின் ஊசி தொடங்கினார்கள். வாட்டு நிறைந்து, ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். என் பங்குக் கட்டிலில் யட்டவத்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கர்ப்பிணிப் பெண், அவளுக்கும் காய்ச்சல். நான் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் அவள் தன் வயிற்றைக் கையால் மறைத்துக்கொள்வாள்.

ஓர் இளம் டொக்டர் வந்தார். என்னைத் தெரியும், என் விரிவுரை ஒன்றைக் கேட்டிருக்கிறார். பெருமையோடு எங்கள் ஸ்ட்ரிப்பையே எடுத்து வந்து என் விரலில் குத்தினார். கொஞ்ச நேரத்தில் முகம் மலர்ந்தது. நாங்கள் பேசியது சிங்களத்தில்.

"மேடம், நல்ல செய்தி. நெகடிவ். உங்க ஸ்ட்ரிப்தான் சொல்லுது."

"டொக்டர், அத நான்தான் செஞ்சேன். அதனாலதான் சொல்றேன், இப்ப அத நம்பாதீங்க."

அவர் விழித்தார். நான் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து, படை திரட்டுகிற கதையை முதலிலிருந்து சொன்னேன். பக்கத்தில் படுத்திருந்த பெண் பயந்துபோய் நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டாள். மாணவர்களுக்குப் படிப்பித்த பழக்கம், படுக்கையிலும் போகாது. டொக்டர் நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. பெனிசிலின் ஊசியை நிறுத்தவில்லை. நான் பிழைத்தது அந்த ஊசியால்தான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

ஊசி ஏறியும் சிறுநீரகம் அடங்கிவிட்டது. மூத்திரம் வரவில்லை, முகம் வீங்கியது. அம்புலன்சில் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே டயாலிசிஸ். சிறுநீரகம் செய்ய வேண்டிய சுத்திகரிப்பை இயந்திரம் செய்வதுதான் அது. கழுத்தில் ஒரு குழாய் போட்டு உடம்பு இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப உள்ளே விடுவார்கள். வலி பெரிதில்லை. நம் இரத்தம் நமக்கு வெளியே ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பெரிய பயம். இத்தனை காலம் பிறர் இரத்தத்தைக் குழாய்க்குழாயாக எண்ணிப் பார்த்தவளுக்குத் தன் இரத்தத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

இவர் தினமும் பஸ்ஸில் வந்தார். தண்ணீர் எனக்கு அளவோடுதான். ஆகவே கஞ்சி கொண்டுவரக்கூடாது என்று டொக்டர் சொன்னதும் இடியப்பம் கொண்டுவரத் தொடங்கினார். வழியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கில் என்று இருப்பதால் மற்றவர்கள் பஸ்ஸில் திரும்ப ஏறிய பிறகும் இவர் மட்டும் ரோட்டோரம் நிற்பார். சில நாள் பஸ் விட்டுவிட்டுப் போய்விடும்.

"இண்டைக்கு இடியப்பத்தைக் கிண்டிப் பாத்தவங்கள்," என்பார், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே. "ஒவ்வொண்டாப் பிரிச்சு. உள்ளுக்க என்ன இருக்கப்போகுது, சொல்லும் பாப்பம்."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் பிய்ந்த இடியப்பத்தைச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்காக முழுவதையும் முடித்தேன்.

ஒரு நாள் அவர் வாட்டு வாசலிலிருந்து கட்டில்வரை நடந்து வந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. காலை இழுத்து வைத்தார்.

"கால் என்னங்க?"

"மழைக்குள்ள நிண்டது. கெண்டைக்கால் பிடிச்சுப்போட்டுது."

"கிட்ட வாங்க. கண்ணக் காட்டுங்க."

கண் சிவந்திருந்தது. நித்திரை இல்லை, அதுதான் என்றார். இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேருங்க, ஊசி போடுங்க என்றேன். சேர்ந்துவிட்டால் உம்மை ஆர் வந்து பாக்கிறது என்றார். நான் விடவில்லை. சரி, ஊருக்குப் போனதும் காட்டுகிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனார்.

சொன்னபடி காட்டினார். டவுனில் ஒரு டிஸ்பென்சரியில். மறுநாள் வந்தபோது முகம் பிள்ளைத்தனமாகச் சிரித்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசி மடிப்பை எடுத்து விரித்தார். உள்ளே எங்கள் ஸ்ட்ரிப். ஒற்றைக் கோடு.

"பாரும். உம்மட மகள் சொல்லிப்போட்டாள். வருத்தம் இல்லை."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்களே எழுதின வசனந்தானே! அது தப்பா அச்சடிச்சது உங்களுக்குத் தெரியாதா? இன்னும் தெரியலன்னுதானே எழுதினோம்!" என்று கத்தினேன். கத்தினேன் என்று நினைக்கிறேன்; அந்த நேரத்தில் என் குரல் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று தெரியாது. பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டது. மிஸ் ஓடி வந்தார்.

"தெரியும், தெரியும். கத்தாதையும், பிரஷர் ஏறும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் இவர். அவர் கை சுட்டது. "நாளைக்கு வரேக்க இஞ்சயே காட்டுறன். இப்ப போகாட்டிப் பஸ் விட்டிடும். இருட்டினா அந்தச் சாவடியில நிக்கேலாது."

அவருக்குத் தெரிந்திருந்தது. பிழையான வாசகம் என்று தெரிந்தும் அதையே நம்பினார். படுத்துவிட்டால் என்னிடம் வர முடியாது என்பதற்காக அதை நம்புவது அவருக்குத் தேவையாக இருந்தது. கணக்கில் ஒரு சதம் பிசகினால் நித்திரை கொள்ளாத மனிதர் அவர். நான் மிஸ்ஸிடம் அவரைப் பிடியுங்கள், போக விடாதீர்கள் என்று அழுதேன். பாவம், அந்த மிஸ் வெள்ளைச் சப்பாத்தோடு தாழ்வாரம் முழுவதும் ஓடிப் பார்த்தார். அதற்குள் அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பரீதா தாத்தாதான் வந்தார். எங்கள் மாத்தளையில் முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணும் யோசிக்காதீங்க புள்ள. அவருக்குக் கொஞ்சம் காய்ச்சல். நான்தான் இன்னைக்குப் போகாதீங்கன்னு புடிச்சி வச்சேன்."

"தாத்தா, இப்பவே அவர ஆஸ்பத்திரியில போடுங்க. இருமுறாரா?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ரத்தமா?"

"உங்க தம்பி வாகனம் புடிக்கப் போயிட்டாரு. இந்நேரம் கொண்டு வந்திருப்பாங்க. அல்லாஹ்ட காவல் புள்ள, நாங்க துஆ செய்றோம்."

சுவாசப்பையில் இரத்தம் கசிந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி நான் கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரையில் ஒரு பந்தி எனக்கு மனப்பாடம். கட்டிலில் படுத்துக்கொண்டு வேறு எதையாவது நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அவரையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஆண்கள் பக்கம் மாடியில், நான் கீழே. ஒரே கூரையின் கீழ் இரண்டு நாள் இருந்தோம், பார்த்துக்கொள்ளவில்லை. அவருக்கு மூச்சுக்கு இயந்திரம், எனக்கு இரத்தத்துக்கு இயந்திரம். ஊசி, மருந்து எல்லாம் கொடுத்தார்கள். ஒன்றையும் குறை சொல்ல மாட்டேன். பிந்தி வந்தவருக்குச் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். மாடியிலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் நான் வாசலைப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் காலை என் தம்பி வந்து கட்டில் காலடியில் நின்றான். கிட்ட வரவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினார்கள். முகம் மஞ்சளாக இருந்தது. தொடலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அப்படி ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. தொற்றாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும். நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. அதற்கு முதல் கடைசியாகத் தொட்டபோது சுட்ட மனிதர்.

அவரை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது என்னால் போக முடியவில்லை. அன்றைக்கு டயாலிசிஸ் நாள். மாத்தளையில் தம்பி கொள்ளி வைத்த நேரத்தில் இங்கே என் இரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது. பரீதா தாத்தா பெண் என்பதால் சுடுகாடுவரை போக முடியாதவர். பஸ் ஏறி என்னிடம் வந்து, அது முடியும்வரை என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். அவர் செய்த அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அதன் பிறகு சிறுநீரகம் மெல்லத் திரும்பியது. அந்த வாட்டில் நான் எல்லோருக்கும் நல்ல செய்தியாக இருந்தேன். மூத்திரம் வந்ததற்கு மிஸ்மார் கை தட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் அன்பும் இவர்மேல் கோபமும் சேர்ந்து வந்தது. இன்னும் அந்தக் கோபம் போகவில்லை. ஊரெல்லாம் என் பேச்சைக் கேட்கிறது, நீங்கள் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்கிறேன். கண்ணீர் வந்த பிறகுதான் அது கோபம் இல்லை என்று தெரிகிறது.

உடம்பு தேறியதும் ஆய்வுகூடத்துக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது? கொஞ்ச நாளில் கம்பனி மனேஜர் புதுப் பெட்டியின் அச்சுப் படியோடு வந்தார். தமிழ் வாசகம் முழுசாக இருந்தது. 'வருத்தம் இன்னும் தெரியவில்லை. ஒரு கிழமைக்குப் பின் மீண்டும் பார்க்கவும். மருந்தை நிறுத்த வேண்டாம்.' எழுத்து எழுத்தாக வாசித்துச் சரி என்றேன். இனி ஒரு படம் வேண்டும் என்றார். இரண்டு கோடும் விழுந்த ஸ்ட்ரிப்பின் படம், பெட்டியின் முகப்பில் போட.

என்னோடு நெடுநாள் வேலை செய்கிற நிமல் கோப்பிலிருந்த படங்களை மேசையில் பரப்பினார். ஆஸ்பத்திரிகளிலிருந்து உறுதிப்படுத்த வருகிற இரத்தத்தையெல்லாம் எங்கள் ஸ்ட்ரிப்பிலும் பார்த்துப் படம் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். பெயர் இருக்காது, நிமல் எழுதி வைக்கிற இலக்கம் மட்டும். பெரும்பாலானவற்றில் இரண்டாவது கோடு மங்கலாகத்தான் இருக்கும். மனேஜர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்தார். நானும் குனிந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கோட்டை நான் கண்டதில்லை. பேனாவால் கீறினதுபோல் அவ்வளவு திருத்தமாக இருந்தது. உடம்பு தன் முழுப் படையையும் திரட்டிக்கொண்டு வந்த பிறகு எடுத்த இரத்தம்.

"இதுதான், இதுதான்," என்றார் மனேஜர்.

நிமல் இலக்கத்தைப் பார்த்துவிட்டு அதை அவர் கையிலிருந்து வாங்கப் பார்த்தார். அது வேண்டாம், வேறு பார்க்கலாம் என்றார். மனேஜர் விடவில்லை. நிமல் சிங்களவர், தமிழ் அரைகுறையாகத்தான் வரும். மனேஜருக்கு விளங்கக்கூடாது என்பதற்காக என் பக்கம் திரும்பி, அந்த அரைகுறைத் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"மேடம், இது சிவபாதம் சேர்ட ரத்தம். கடைசி நாள் எடுத்தது."

நான் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். மனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் தயக்கத்தோடு கேட்டார்.

"ஏதும் பிரச்சினையா மேடம்? நோயாளிகிட்ட அனுமதி எடுக்கணுமா?"

"இல்ல, இதையே போடுங்க," என்றேன். "அவரு எங்க வீட்டுக்காரருங்க. வேணாம்னு சொல்லமாட்டாரு."